வண்டி மேல் கேரியர்: வாங்குமுன் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

கம்பைநல்லூர் வட்டாரத்தில் கடை நடத்துவோர் சொந்தமாக ஒரு வேனோ காரோ ஜீப்போ வைத்திருப்பது இன்று புதிதல்ல. சேலம் லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை என்று கொள்முதலுக்குச் செல்வோர், திரும்பும்போது அவசரச் சரக்கை அதே வண்டியில் கொண்டுவந்துவிடுகின்றனர். லாரி செட்டில் போட்டால் மறுநாள்தான் சரக்கு கைக்கு வரும். லோடு ஆட்டோ பேசினால் வாடகை தனி. எனவே வண்டிக்குள் இடம் போதாதபோது, மேலே ஒரு கேரியர் போட்டுவிட்டால் என்ன என்ற எண்ணம் வருவது இயல்பே.

கேரியர் பயனுள்ள சாதனம்தான். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இடத்தை அடைக்கும், ஆனால் எடை குறைந்த பொருளுக்கு ஏற்றது கேரியர். மூட்டைக்கு அது ஏற்றதன்று. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எந்த வகையை வாங்குவது, எவ்வளவு ஏற்றுவது, எப்படிக் கட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானே கிடைக்கும்.

கூரை எவ்வளவு தாங்கும்?

கூரைத் தகடு மெல்லியது. வெயில், மழையிலிருந்து காப்பதற்காக அமைந்தது. அதன்மேல் எவ்வளவு எடை வைக்கலாம் என்பதை வண்டியைத் தயாரித்த நிறுவனம் வரையறுத்திருக்கும். வண்டியுடன் வரும் கையேட்டில் பார்க்கலாம். பெரும்பாலான கார்களுக்கு இது 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குள் இருக்கும். கூரையில் சுமை ஏற்றவே கூடாது என்று சில கையேடுகளில் எழுதியிருக்கும். அப்படி எழுதியிருந்தால் அந்த வண்டிக்குக் கேரியர் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

இந்த எடை வரம்பில் கேரியரின் எடையும் அடக்கம். இதைப் பலர் கவனிப்பதில்லை. பட்டறையில் இரும்புக் குழாயில் செய்த முழு நீளக் கேரியர் 20 முதல் 30 கிலோ வரை இருக்கும். வரம்பு 50 கிலோ என்றால், சரக்குக்கு மிஞ்சுவது 20 அல்லது 30 கிலோதான்.

இதை நம் கடைக் கணக்கில் பார்ப்போம். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு ஜி.எஸ்.டி. வந்த பின், அரிசி ஆலைகள் பல 26 கிலோ மூட்டைக்கு மாறியது நாம் அறிந்ததே. அத்தகைய மூட்டை 4 ஏற்றினால் 104 கிலோ. எந்தச் சாதாரணக் காரின் கூரைக்கும் இது அதிகம். அதே சமயம் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சுமார் இரண்டரை கிலோ. 10 நாற்காலி அடுக்கினாலும் 25 கிலோவைத் தாண்டாது. பிளாஸ்டிக் குடம், கூடை, துடைப்பக் கட்டு, பஞ்சு மெத்தை, காலி அட்டைப் பெட்டி, சிறிய ஏணி ஆகியவையும் இவ்வாறே. இவைதாம் கேரியருக்கு உரிய சரக்கு. அரிசி, பருப்பு, எண்ணெய் டின், சிமெண்ட், ஆணிப் பெட்டி ஆகியவற்றை வண்டிக்குள், தரையை ஒட்டி வைக்க வேண்டும்.

எடை மேலே போகப் போக வண்டியின் நிலைப்பு குறையும். நேர்ச்சாலையில் இது தெரியாது. வளைவில் வேகமாகத் திரும்பும்போதும், எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கும்போதும் தெரியும். ஆம்னி போன்ற ஒடுக்கமான, உயரமான வேன்களில் இந்த ஆபத்து கூடுதல்.

எந்த வகைக் கேரியர்?

கேரியரின் வலிமை, அது கூரையை எந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த வகையில் நான்காகப் பிரிக்கலாம்.

1. விளிம்பில் பிடிப்பவை: அம்பாசடர், ஆம்னி, பழைய ஜீப் வகைகள் ஆகியவற்றில் மழைநீர் வழிவதற்காகக் கூரையின் இரு பக்கமும் மடித்துவிட்ட தகட்டு விளிம்பு ஒன்று இருக்கும். கேரியரின் கால்கள் அதில் அமர்ந்து, கொக்கியும் போல்ட்டும் கொண்டு இறுகும். எடை கூரையின் நடுவில் விழாமல் பக்கச் சட்டத்தில் இறங்குவதால் இது நம்பகமான முறை. ஆனால் அம்பாசடர் உற்பத்தி 2014-இலும் ஆம்னி உற்பத்தி 2019-இலும் நின்றுவிட்டன. இன்று ஓடுபவை எல்லாம் பழைய வண்டிகள். விளிம்பில் துரு ஏறியிருந்தால் கேரியர் போட்டுப் பயனில்லை. சுமையோடு விளிம்பும் பெயர்ந்து வரும். ஒரு திருப்புளியால் விளிம்பு நெடுகத் தட்டிப் பார்த்து, தகடு உதிர்கிறதா என்று கவனிக்கவும்.

2. நீளக் கம்பியில் பிடிப்பவை: இன்றைய கார்கள் பலவற்றில் கூரையின் இரு பக்கமும் முன்னிருந்து பின்னாக நீளக் கம்பி ஓடுகிறது. இதன்மேல் குறுக்காக இரண்டு கம்பிகளைப் பொருத்திக் கேரியராகப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா நீளக் கம்பியும் சுமை தாங்காது. அழகுக்காக மட்டும் வைத்தவையும் உண்டு. கையால் ஆட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையேட்டில் அதற்கு எடை வரம்பு கொடுத்திருந்தால் மட்டுமே நம்பலாம்.

3. கதவுச் சட்டத்தில் பிடிப்பவை: விளிம்பும் கம்பியும் இல்லாத வழவழப்பான கூரைக்கு, கதவைத் திறந்து உட்பக்கச் சட்டத்தில் கொக்கி மாட்டும் வகை உண்டு. ஒவ்வொரு கார் வகைக்கும் கொக்கியின் அளவு வேறு. அந்த வண்டிக்கென்றே செய்ததை வாங்க வேண்டும். பொதுவாக எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பவை கதவு ரப்பரை நசுக்கிவிடும்; முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே இறங்கும்.

4. துளையிட்டு அல்லது பற்ற வைத்துப் பொருத்துபவை: இதைத் தவிர்க்கவும். துளை வழியே நீர் புகும், துரு பரவும். மேலும் வண்டியின் அடிப்படை அமைப்பு மாறும்படி எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கூறுகிறது. கழற்றி மாட்டக்கூடிய கேரியரே நல்லது. அதையும் பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணம் வைத்த கேரியர்களும் கடைகளுக்கு வருகின்றன. நம் வெயிலிலும் புழுதியிலும் அவற்றை நம்பிச் சரக்கு ஏற்ற வேண்டாம்.

இரும்பா, அலுமினியமா?

பட்டறையில் செய்யும் இரும்புக் கேரியர் விலை குறைவு. உடைந்தால் உள்ளூரிலேயே பற்ற வைக்கலாம். ஆனால் எடை அதிகம். அலுமினியக் குறுக்குக் கம்பிகள் விலை கூடியவை. ஜோடி சேர்ந்தே சில கிலோதான் இருக்கும் என்பதால் சரக்குக்கு எடை வரம்பு மிஞ்சும். மாதம் நான்கைந்து முறை பயன்படுத்துவோருக்கு அலுமினியம் ஏற்றது. இரும்பில் செய்வதானால் மூன்றைக் கவனிக்கவும். காலும் சட்டமும் சேரும் இடத்தில் பற்றவைப்பு முழுச் சுற்றாக இருக்க வேண்டும். புள்ளி வைத்து விட்டுவிடக் கூடாது. குழாயின் வாயை மூட வேண்டும். இல்லையேல் மழைநீர் தேங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். நட்டுகள் அதிர்வில் கழலாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தவையாக இருக்க வேண்டும்.

கயாக் கேரியர் நமக்கு உதவுமா?

வெளிநாட்டு நிறுவனங்களின் கேரியர்கள் இப்போது நகரக் கடைகளில் கிடைக்கின்றன. 1942-இல் தொடங்கிய சுவீடனின் தூலே இத்துறையில் பெயர் பெற்றது. அவற்றின் விலைப் பட்டியலைப் பார்ப்போர் ‘கயாக் கேரியர்’ என்ற ஒன்றைக் காணலாம். கயாக் என்பது ஒருவரோ இருவரோ அமர்ந்து துடுப்புப் போடும் ஒடுக்கமான படகு. ஒகேனக்கல் பரிசலைப் போல வட்டமாக இராது; 10 அடி முதல் 14 அடி வரை நீண்டு, 20 முதல் 30 கிலோ எடை இருக்கும். அங்கு மக்கள் அதைக் கார் மேல் கட்டிக்கொண்டு ஆற்றுக்குச் செல்கின்றனர்.

படகைத் தாங்கும் வளைந்த கைகள் நமக்குத் தேவையில்லை. அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் காரை விட நீளமாகவும் எடை குறைவாகவும் உள்ள ஒரு பொருளை அவர்கள் கட்டும் முறை நமக்கு நல்ல பாடம். முதலாவது, இரண்டு குறுக்குக் கம்பிகளையும் கூரை அனுமதிக்கும் அளவு தள்ளித் தள்ளி வைக்கின்றனர். கம்பிகள் நெருங்கியிருந்தால் நீளப் பொருள் தராசுத் தண்டுபோல் மேலும் கீழும் ஆடும். இரண்டாவது, குறுக்கே இரண்டு பட்டைகளால் கட்டுவதோடு விடுவதில்லை. படகின் மூக்கிலிருந்து வண்டியின் முன் கொக்கிக்கும், வாலிலிருந்து பின் கொக்கிக்கும் தனித்தனியே கயிறு போட்டு இழுத்துக் கட்டுகின்றனர். குறுக்குக் கட்டு பொருளைக் கீழே அழுத்தும். முன்னும் பின்னும் நகராமல் காப்பது இந்த இரண்டு கயிறுகள்தாம். நம் பகுதியில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டாவது கட்டே.

திடீரென பிரேக் போட்டால்

40 கிலோ எடையுள்ள ஒரு கட்டு, வலுவாக பிரேக் போடும்போது ஏறக்குறைய 30 கிலோ விசையுடன் முன்னே பாயப் பார்க்கும். பி.வி.சி. குழாய் போன்ற வழுக்கும் பொருளாயின் குறுக்குக் கயிற்றுக்குள்ளேயே உருவிக்கொண்டு வெளியேறும். முன்னே செல்பவர் இரு சக்கர வண்டிக்காரராக இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே கயிற்றைக் கட்டின்மேல் போடுவதோடு நிற்காமல், கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும். முன்னும் பின்னும் தனிக் கயிறும் போட வேண்டும்.

காற்றின் விசையும் சாதாரணமானதன்று. வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 மி.மீ. கனத்தில் அது 20 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் முன் விளிம்பின் கீழ் காற்று புகுந்து பலகை நிமிர்ந்தால், அதன்மேல் ஏறக்குறைய 50 கிலோ விசை விழும், 80 கி.மீ. வேகத்தில் 90 கிலோ. எனவே பலகை, மெத்தை, தகடு போன்ற பரந்த பொருள்களுக்கு முன் விளிம்பைக் கட்டாயம் கீழே இழுத்துக் கட்ட வேண்டும். எதிர்க்காற்றில் தார்ப்பாய் பந்துபோல் உப்பாதபடி அதன் முன் மடிப்பைச் சரக்கின் அடியில் செருகவும்.

தருமபுரியிலிருந்து சேலம் செல்வோருக்கு இது தொப்பூர் கணவாயை நினைவூட்டும். அந்த இறக்கத்தில் நேர்ந்த விபத்துகள் பல. 2020 டிசம்பரில் ஒரு லாரி பல வண்டிகள்மீது அடுத்தடுத்து மோதியதில் நால்வர் உயிரிழந்தனர். நெரிசலில் முன்வண்டிகள் சட்டென நிற்கும் இடம் அது. கூரைச் சுமையோடு இறங்கும் வண்டியில் பிரேக் போட்டதும் எடை முன்னே சாயும். கணவாய்க்கு முன்பே ஓரிடத்தில் நிறுத்திக் கட்டுகளைச் சோதித்து, கீழ் கியரில் மெதுவாக இறங்குவதே முறை.

கயிறும் பட்டையும்

நைலான் கயிறு வலுவானது; ஆனால் இழுத்தால் நீளும். இறுக்கிக் கட்டியது சில கிலோமீட்டரில் தளர்ந்திருக்கும். விலை குறைந்த பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்து திடீரென அறும். சரக்குக்கென வரும் பட்டைகள் (பெல்ட்) இவற்றைவிட மேல். திருகி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரும்புக்கும் மரத்துக்கும் ஏற்றது. குழாய், நாற்காலி போன்றவற்றை அது நசுக்கிவிடும்; அவற்றுக்குக் கையால் இழுத்துப் பூட்டும் கொக்கி வைத்த பட்டையே போதும். எதைக் கட்டினாலும் புறப்பட்டு ஐந்தாறு கிலோமீட்டர் சென்றதும் ஒருமுறை நிறுத்திக் கட்டை இறுக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஈடான காப்பு வேறில்லை.

20 அடிக் குழாய்

நம் பகுதியில் ஆழ்துளைக் கிணறும் சொட்டு நீரும் பெருகியதால் குழாய் விற்பனை நன்றாக நடக்கிறது. குழாயின் வழக்கமான நீளம் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர். ஆம்னியின் நீளம் 3.37 மீட்டர். முழுக் குழாயை அதன்மேல் கட்டினால் இரண்டரை மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 4 மீட்டர் நீளமுள்ள வண்டியிலும் 2 மீட்டர் நீட்டும். நுனியில் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. சிவப்புத் துணி குழாயைக் குட்டையாக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 194 (1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவுக்கு மீறி வண்டிக்கு முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ உயரத்திலோ சுமை நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம். சுமையை இறக்கும் செலவும் தனி. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் இதற்குப் பொறுப்பு. கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்து அனுப்பிய முதலாளி தனக்குத் தொடர்பில்லை என்று கூற முடியாது.

எனவே குழாயை 10 அடித் துண்டுகளாக வெட்டி, இணைப்பான் (கப்ளிங்) போட்டுக்கொள்ளுமாறு வாடிக்கையாளரிடம் கூறலாம். வேலைக்குப் பொருந்துமானால் சுருளாக வரும் குழாயைக் கொடுக்கலாம். இரண்டும் ஆகாதென்றால் லோடு வண்டிதான் வழி. விற்ற கடைக்காரரே குழாயை வாடிக்கையாளரின் கார்மேல் கட்டி அனுப்புவது உதவி போலத் தோன்றும். ஆபத்தையும் சேர்த்துக் கட்டிக்கொடுப்பதாகிவிடும்.

இன்சூரன்ஸ்: படிக்க வேண்டிய வரி

சொந்த உபயோகக் காருக்குரிய இன்சூரன்ஸ் பாலிசியில், ‘உபயோக வரம்பு’ என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கும். மாதிரிப் பொருள்களும் சொந்த மூட்டை முடிச்சுகளும் தவிர, சரக்கு ஏற்றுவதற்கு இந்தப் பாலிசி செல்லாது என்பது அதன் பொருள். வெள்ளை நம்பர் பிளேட் காரில் கடைச் சரக்கை ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால், நிறுவனம் இந்த வரியைச் சுட்டிக்காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். அடிபட்டவருக்கு நிறுவனம் கொடுத்தாலும், பிறகு அத்தொகையை உரிமையாளரிடம் திரும்பக் கேட்கும் நிலை வரலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், சரக்குக்கெனச் செய்யப்படாத வண்டியில் சரக்கு ஏற்றினால் அதைச் சரக்கு வண்டியாகவே கருதுகிறது. லாரி வாடகையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காகக் கடையையே பணயம் வைப்பது வணிகம் ஆகாது.

எனவே வாரந்தோறும் சரக்கு ஏற்றும் தேவை உள்ளவர்கள், காருக்குக் கேரியர் தேடுவதை விட்டு, சரக்கு வண்டியாகப் பதிவான சிறிய வேன் அல்லது லோடு வண்டி வாங்குவதே சரி. அதற்குரிய இன்சூரன்ஸும் தகுதிச் சான்றும் முறையாக எடுத்துக்கொள்ளலாம். எந்த வண்டியானாலும் பில் உடன் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும், வெளி மாநிலத்திலிருந்து வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் பொதுவாக இ-வே பில் தேவை.

வாங்குமுன் ஒரு சரிபார்ப்பு

* வண்டிக் கையேட்டில் கூரை எடை வரம்பு எவ்வளவு? கேரியரின் எடை எவ்வளவு? மிஞ்சுவது எவ்வளவு?
* கேரியர் விளிம்பில் பிடிக்கிறதா, நீளக் கம்பியிலா, கதவுச் சட்டத்திலா? பிடிக்கும் இடத்தில் துரு உண்டா?
* இரண்டு குறுக்குக் கம்பிகளையும் போதிய அளவு தள்ளி வைக்க முடிகிறதா?
* முன்னும் பின்னும் கயிறு கட்ட வண்டியில் கொக்கி உள்ளதா?
* சுமையோடு சேர்ந்த மொத்த உயரம் எவ்வளவு? ரயில் பாதைக்குக் கீழே செல்லும் வழிகளில் உள்ள உயரத் தடுப்பு, கிராமச் சாலைகளில் தாழ்ந்து தொங்கும் மின் கம்பி ஆகியவற்றைக் கருதி, அந்த அளவை ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டவும்.
* பயன்படுத்தாத நாள்களில் கழற்றி வைக்க முடிகிறதா? காலிக் கேரியரும் காற்றைத் தடுத்து எரிபொருளைக் கூடுதலாகக் குடிக்கும்.

இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைத்தால் கேரியரைத் தயங்காமல் வாங்கலாம். மெத்தையும் நாற்காலியும் மேலே வரட்டும். மூட்டை உள்ளே வரட்டும். 20 அடிக் குழாய் லோடு வண்டியில் வரட்டும்.